மழையில்லாத நாளில் ஒழுகிய கூரை

கல்யாணமாகி நான் ஏற்காடு மலையேறியது எழுபதுகளின் கடைசியில். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவருக்கு ரைட்டர் வேலை. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, பறித்த பழத்தை நிறுப்பது, கூலிக்குக் கணக்குப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. எஸ்டேட்டே ஒரு வீடு கொடுத்திருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய ஓட்டு வீடு. ஓடுகளின் மேல் பாசி படர்ந்து, அங்கங்கே சின்னச் சின்னப் பெரணிச் செடிகள்கூட முளைத்திருந்தன. சேலத்து வெயிலில் வளர்ந்த எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. கூரையில் செடி முளைத்தால் அங்கே தண்ணீர் தங்குகிறது என்று அர்த்தம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் பெருமழை வந்த அன்று தெரிந்துகொண்டேன். சமையலறையில் ஒரு சொட்டு என்று கிண்ணத்தை வைத்தேன். நடு அறையில் இன்னொன்று என்று குண்டானை வைத்தேன். சாயங்காலத்துக்குள் என் சீதனப் பாத்திரங்கள் எல்லாம் தரையில் பரவிவிட்டன. கடைசியில் கட்டிலின் கால்மாட்டில் இட்லிச் சட்டி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போட்டது. என் கணவர் அதிகம் பேசாத மனிதர். பாத்திரங்களுக்கு நடுவே கால் வைத்து நடந்து வந்தவர், "நல்லா பாட்டுக் கச்சேரியாட்ட இருக்குது புள்ள" என்றார். எனக்கு அழுகை வந்தது.

அந்த மழைக்காலத்தின் பாதியில் என் மாமனார் வந்து சேர்ந்தார். மாமியார் தவறி நாளாகியிருந்தது. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். கண் மங்கியதும் வண்டியை விட்டுவிட்டு எங்களோடு இருக்க வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு பெட்டியும், மடித்துக் கட்டிய பழைய தார்ப்பாயும், ஒரு கட்டுக் கயிறும் அவரோடு இறங்கின. வீட்டுக்குள் நுழைந்ததும் தரையைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, கண்காட்சியாட்ட இத்தன சட்டி பானைய எதுக்குப் பரப்பி வெச்சிருக்கற?"

"ஒழுகுதுங்க மாமா. எங்க பாத்தாலும் ஒழுகுதுங்க."

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஒரு எதிரியைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "பம்பாய் வரைக்கும் லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்கறன். அடமழையில போயிருக்கறன். ஒரு மூட்ட நனஞ்சதில்ல எங்கிட்ட. இந்த ஊட்ட மட்டும் உட்டுருவனா?"

மறுநாளே அப்பாவும் மகனும் ஏணி போட்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டின் கூரையே எங்கள் மூவருக்கும் பேச்சாகிவிட்டது. நான் கீழே நின்று, எங்கே சொட்டுகிறது என்று கத்திச் சொல்வேன். அங்கேதான் முதல் ஆச்சரியம். சமையலறையில் சொட்டிய தண்ணீருக்கு மேலே இருந்த ஓடுகள் எல்லாம் முழுசாக இருந்தன. உடைந்த ஓடு எங்கேயோ தள்ளி, மேலே முகட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் ஒரு மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, திருடன் மதில்மேல் நடப்பது போல ஓசைப்படாமல் நடந்து வந்து, அதன் ஒரு கணுவில் தடுக்கி என் அடுப்பு மேல் விழுந்திருக்கிறது. விழுகிற இடத்தை வைத்து நுழைகிற இடத்தைச் சொல்ல முடியாது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இன்னொரு இடத்தில் ஓடு உடையவே இல்லை. இரண்டு கூரைகள் சேருகிற மடிப்பில் சில்வர் ஓக் சருகுகள் விழுந்து விழுந்து அணை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் குளம் கட்டி, ஓட்டுக்கு அடியில் பின்னோக்கி ஏறியிருந்தது. என் கணவர் கையை விட்டுச் சருகை அள்ளிப் போட்டதும் அந்தக் குளம் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகக் கீழே வந்து என்னைத் தலையோடு குளிப்பாட்டியது. மேலே இருவரும் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

இவை எல்லாம் சரியான பிறகும், பள்ளத்தாக்கிலிருந்து காற்று எழும்பி வருகிற நாட்களில் மட்டும் ஒழுகியது. ஒருநாள் கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தோம். மழை மேலிருந்து விழவில்லை. கீழே பள்ளத்திலிருந்து காற்று அதை வாரித் தூக்கி, சரிவில் ஏற்றிக்கொண்டு வந்து, ஓடுகளின் விளிம்புக்கு அடியில் ஊதிக்கொண்டிருந்தது. சேலத்தில் மழை என்றால் வானத்திலிருந்து தரைக்கு வருவது. இங்கே அது தரையிலிருந்து மேலே போவதையும் பார்த்தேன்.

"இத ஓடு போட்டுத் தடுக்க முடியாதுடா" என்றார் மாமா. "தகரம் வேணும்."

எஸ்டேட் முதலாளியிடம் என் கணவர் பலமுறை சொல்லி, அடுத்த கோடையில் ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போட்டார்கள். புதுத் தகரம், கண் கூசுகிற வெள்ளை. எதிர் மேட்டில் இருந்த மலைக்காரக் குடும்பத்துப் பெண் தினமும் எங்களுக்குப் பால் கொண்டு வருவாள். என் வயதுதான் இருக்கும். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "ஏனுங்க ரைட்டரம்மா, உங்க ஊடு எங்கூட்டு வாசல்ல வெளிச்சம் அடிக்குதுங்க" என்று சிரித்தாள். தகரமும் முதல் மழையில் ஒழுகியது. நெளிவின் மேட்டில் அடிக்க வேண்டிய ஆணிகளைப் பள்ளத்தில் அடித்திருந்தார்கள். தண்ணீர் ஓடுகிற வழியிலேயே துளை. மாமா ஆணி ஆணியாகப் பிடுங்கி, துளையைத் தார் வைத்து அடைத்து, மேட்டில் திருப்பி அடித்தார். அதோடு ஒழுகல் நின்றது. நான் பாத்திரங்களைக் கழுவிப் பரணில் ஏற்றினேன்.

அந்தச் சமயத்தில் நான் முழுகாமல் இருந்தேன். பிரசவத்துக்குச் சேலம் போய், பெண் குழந்தை பிறந்து, அதற்குக் கழுத்து நின்ற பிறகு கார்த்திகை மாதக் குளிரில் திரும்பி வந்தேன். கதவைத் திறந்ததும் தார் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே இருட்டாக இருந்தது. ஆனால் இதமான கதகதப்பு.

நான் இல்லாத மாதங்களில் மாமா வீட்டை லாரி லோடு போலக் கட்டி வைத்திருந்தார். சுவருக்கும் தகரத்துக்கும் இடையே இருந்த சந்து முழுக்கச் சாக்கைத் தாரில் நனைத்துத் திணித்திருந்தார். முகட்டில் தகரமும் தகரமும் சேருகிற இடைவெளியைத் தார்ப்பாய்த் துண்டு வைத்து ஒட்டியிருந்தார். சமையலறையில் புகை போக விட்டிருந்த துவாரத்தில், அடுப்பு எரியும்போது மட்டும் எடுக்கிற மாதிரி ஒரு பலகை. ஜன்னல் விளிம்புகளில் துணி. வாசற்கதவுக்கு அடியில் உருட்டித் தைத்த சாக்கு.

"எறும்பு வர வழியில்ல கண்ணு" என்றார். குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தன் துண்டில் பொதிந்துகொண்டார்.

அவருக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்ததும், ஒழுகுகிற ஓலை வீட்டில் ஒரு மழைக்காலத்தில் மார்ச்சளி கட்டி அது போனதும், அவர் அப்போது லாரியில் எங்கேயோ தூரத்தில் இருந்ததும் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சாக்கு உருட்டுகளைப் பார்த்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது.

மழை ஓய்ந்தது. மார்கழி பிறந்தது. ஏற்காட்டில் மார்கழிக் காலை என்றால், சூரியன் வந்தபின் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். அப்படி ஒரு காலையில் நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பனி மாதிரி குளிர்ச்சி. மேலே பார்த்தேன். தகரம் முழுக்க வேர்வை பூத்தது போல முத்து முத்தாகத் தண்ணீர். ஒன்றோடொன்று சேர்ந்து, நெளிவில் வழிந்து, ஆணிகளின் நுனியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயில். மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது.

பரணிலிருந்து பாத்திரங்கள் மறுபடி இறங்கின.

"ஓட்டை எங்கியோ இருக்குது" என்று மாமா கூரைமேல் ஏறினார். "பனி எறங்குது. பனித்தண்ணி நூலாட்டச் சந்து கெடச்சாலும் பூந்துரும்." தகரம் முழுக்கத் தார் பூசினார். சொட்டு அதிகமானது. சுவரில் கறுப்புப் பூசணம் பிடித்தது. பெட்டியில் இருந்த பட்டுப்புடவையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தீக்குச்சி உரசினால் வழுக்கிக்கொண்டு போனது. குழந்தையின் துணிகளை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன், அவை காயவே இல்லை.

பால்காரப் பெண் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "வெளிய காயுது, உள்ள பேயுது. இதென்ன அதிசயமுங்க! மலைச்சாமி சேர்வராயனுக்கு உங்க ஊட்டு மேல தனிப் பிரியம்போல இருக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டில் தனியாக உட்கார்ந்து அந்தச் சொட்டுகளைக் கேட்கும்போது உண்மையிலேயே பயமாக இருந்தது. மழையில்லாமல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு குண்டான் நிறைந்தால் கொட்டுவேன். மறுநாள் மறுபடி நிறையும்.

பொங்கலுக்குச் சேலம் போனோம். மூன்று பேரும் குழந்தையும். பண்டிகை முடிந்து, உறவுகளைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் திரும்பினோம். நான் தரையெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று நினைத்துப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். தரை காய்ந்து கிடந்தது. குண்டான் காய்ந்து கிடந்தது. தகரத்தைத் தொட்டுப் பார்த்தார் என் கணவர். விரலில் ஈரமே இல்லை.

பால்காரப் பெண் வந்ததும் கேட்டேன், "இங்க நல்ல வெயிலா இருந்துச்சா?"

"வெயிலா? நீங்க போனதுலருந்து சூரியனையே பாக்குலீங்க. ஒரே பனியும் தூறலுந்தான். குளுருல மாடு வெடவெடன்னு நடுங்குது."

மாமாவுக்குச் சந்தோஷம். "பாத்தியா, நா பூசுன தார் இப்பத்தான் புடிச்சிருக்குது."

அன்று அடுப்பு மூட்டிச் சோறாக்கினேன். குழந்தைத் துணிகளை அலசிக் கொடியில் போட்டேன். சாப்பிட்டுப் படுத்தோம். விடிந்து எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. கூரை முழுக்க முத்துகள்.

என் கணவர் எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நாம இல்லாதப்ப ஒழுகுல. நாம வந்ததும் ஒழுகுது."

"அப்படீன்னா?"

"அதான் எனக்கும் தெரியல."

அன்று காலையே எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்திருந்தேன். மூலையில் பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழுந்தது. ஜன்னல் வழியாக ஒரு கீற்று வெயில் விழுந்துகொண்டிருந்ததால் அந்த ஆவி போகிற பாதை தெளிவாகத் தெரிந்தது. சுருள் சுருளாக மேலே போய்த் தகரத்தைத் தொட்டது. தொட்ட இடம் முதலில் மங்கியது. பிறகு பொடிப்பொடியாகப் புள்ளிகள். புள்ளிகள் கூடி ஒரு முத்தானது. முத்து கனத்து, ஒரு நொடி தயங்கி, என் கையில் விழுந்தது. சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் இருக்குமே, அதே தண்ணீர். நாங்கள் ஒரு பெரிய மூடிக்கு அடியில் குடியிருந்திருக்கிறோம்.

"ஏனுங்க! இங்க ஓடியாங்க!" என்று நான் கத்திய கத்தலில் குழந்தை வீறிட்டது.

அவர் வந்து பார்த்தார். மறுபடி வெந்நீரைக் கொட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் ஊதினார். கண்ணாடி மங்கியது. விரலால் தொட்டு ஈரத்தை என்னிடம் காட்டினார்.

எத்தனையோ வருஷமாகிவிட்டது. இருந்தாலும் அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் மேனி சிலிர்க்கிறது. அந்தத் தண்ணீர் வானத்துடையது அல்ல. எங்கள் சோற்றின் ஆவி, குழந்தையின் துணியில் இருந்த ஈரம், நாங்கள் தூங்கும்போது விட்ட மூச்சு எல்லாம் மேலே போய், வெளியேற வழி தேடி, சாக்கும் தாரும் அடைத்த சந்துகளில் முட்டி, குளிர்ந்த தகரத்தில் ஒட்டித் தண்ணீராகி எங்கள் மேலேயே திரும்பி வந்திருக்கிறது. என் குழந்தைக்கு உள்ளங்கை அகலம்தான் மார்பு. அதிலிருந்து வந்த மூச்சுக்கும் அந்தக் குண்டானில் பங்கு இருந்தது. ஒரு மனிதனிடமிருந்து, சும்மா உயிரோடு இருப்பதாலேயே, இத்தனை தண்ணீர் போகிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அடைத்ததை எல்லாம் பிரித்துவிடலாம் என்றார் என் கணவர். மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுமுங்க" என்றார் என்னைப் பார்த்து. கோபம் வந்தால் எனக்கும் 'ங்க' போட்டுவிடுவார். "மூச்சுத் தண்ணி ரண்டு சொட்டு உழுந்தா தொடச்சுக்கலாம். சந்த தொறந்து உட்டு, குளுரு புள்ளையோட நெஞ்சுல எறங்குனா என்ன பண்ணுவீங்க? அதத் தொடைக்க முடியுமா?"

"காத்து வேணுமில்லீங்கப்பா..."

"காத்துதான்டா கொல்லும்."

அதற்கு மேல் அவரிடம் பேச எங்களால் முடியவில்லை. தை மாதம் முழுக்க அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது.

தை கடைசியில் மறுபடி மூட்டம் போட்டது. சில நாட்கள் எதிர் மேடே தெரியவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கடைத்துக்கொண்டது. மாமா பதறிப் போனார். எங்கேயோ போய் ஒரு கரி அடுப்பு வாங்கிவந்தார். ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், கரியைக் கனல வைத்து நடு அறையில் கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் ஒரு பானையில் தண்ணீர் ஊற்றி நொச்சித் தழையைப் போட்டார். ஆவி பிடித்தால் குழந்தைக்கு மூச்சு இலகுவாகும் என்று. அறை சீக்கிரமே இதமானது. புகையில்லை. நொச்சி வாசனை மட்டும். என் கணவர் காப்பிப் பழம் உலர்த்துகிற களத்தில் இருந்தார். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தரையில் படுத்தேன்.

தலை லேசாக வலித்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். பிறகு ஒரு சுகமான பாரம் கை கால்களில் ஏறியது. மாமா குறட்டை விடுவது எங்கோ தொலைவில் கேட்டது. கரி சிவப்பாகக் கண் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து பானைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

குழந்தை அழுதது. அழுகை காதில் விழுகிறது, ஆனால் அது எனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ சத்தம் போல இருந்தது. மறுபடி அழுதது, இந்த முறை வீறிட்டு. கண்ணைத் திறந்தேன். கூரையிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு கன்னத்தில். அடுத்தது கண்ணில். அவள் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். சொட்டு விடவில்லை. பானையின் ஆவி எல்லாம் அவள் தலைக்கு நேர் மேலே போய்ச் சேர்ந்து, குளிர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக அவளை எழுப்பிக்கொண்டிருந்தது.

அவளைத் தூக்க எழுந்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. முழங்கால் மடங்கி விழுந்தேன். அறை சுற்றியது. அப்போதுதான் ஏதோ பெரிய தப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று உறைத்தது. குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு கதவை நோக்கித் தவழ்ந்தேன். கதவுக்கு அடியில் மாமா தைத்து வைத்த சாக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பலத்தில் இழுத்தேன் என்று தெரியாது. கதவு திறந்து, நான் வாசற்படியில் குப்புற விழுந்தேன். முகத்தில் அடித்த அந்தக் குளிர்ந்த காற்றை நான் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தாகத்தில் தண்ணீர் குடிப்பது போலக் குடித்தேன்.

பால்காரப் பெண் புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஐயோ ரைட்டரம்மா! என்னாச்சுங்க?"

"மாமா... உள்ள..." என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

அவள் உள்ளே போய் மாமாவை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். சின்ன உடம்புக்காரி. அந்த நேரத்தில் அவளுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்ததோ! மாமாவின் தலை தொங்கியிருந்தது. கூப்பிட்டால் பதிலில்லை. அவள் சரிவில் கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். களத்திலிருந்து என் கணவரும் ஆட்களும், எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டரும் ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா முனகினார். புரண்டு வாந்தியெடுத்தார். கண்ணைத் திறந்தார்.

கம்பவுண்டர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அடுப்பை வெளியே தூக்கி வந்து வைத்தார். "மூடுன ரூம்ல கரி எரிச்சா விஷக் காத்துங்க" என்றார். "வாசனையும் கெடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூங்கற மாதிரியே ஆள எடுத்துக்கிட்டுப் போயிரும். யாரு மொதல்ல முழிச்சது?"

"பாப்பா" என்றேன். "கூரை ஒழுகுச்சு. அவ மூஞ்சியில."

அவர் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அந்தத் தார் பூசிய தகரத்தைப் பார்த்தார். குழந்தை என் மடியில் பசியோடு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. மூக்கடைப்புகூட விட்டிருந்தது.

மாமா வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "எம் பேத்திய நானே முடிக்கப் பாத்துட்டனே சாமி" என்றார்.

குழந்தையை அவர் மடியில் வைத்தேன். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் அப்படியே குனிந்து அழுதார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது கூரைமேல் காலடிச் சத்தம். ஏணிக்குக் கீழே என் கணவர் நின்றுகொண்டிருந்தார். மேலே மாமா, தான் ஒட்டிய தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சாக்கு உருட்டுகள் ஒவ்வொன்றாகச் செத்த பாம்புகள் போல வாசலில் வந்து விழுந்தன.

பிரித்ததோடு அவர் விடவில்லை. அடைப்பதில் எந்த வேகம் இருந்ததோ, அதே வேகம் திறப்பதிலும் வந்தது. முகட்டுத் தகரத்தைக் கழற்றி, அடியில் மரக்கட்டைகள் வைத்து ஒரு சாண் தூக்கி, குடை மாதிரி இரண்டு பக்கமும் நீளமாக இறங்கும்படி வளைத்தார். காற்று மழையைக் கீழிருந்து ஊதினாலும் அந்த இறக்கத்தைத் தாண்டி உள்ளே வராது. வௌவால் வராமல் கோழிக்கூட்டு வலை. கீழே, சுவரும் கூரையும் சேருகிற சந்து முழுக்க மூங்கில் தட்டி. புகைத் துவாரத்தின் பலகை போயிற்று. அடுத்த பெருமழையில் முகட்டின் ஒரு முனையில் சாரல் அடித்தது உண்மைதான். அதையும் இன்னொரு தகரத் துண்டு வைத்துச் சரி செய்தார்.

வேலை முடிந்த அன்று குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டேன். நாங்கள் மூவரும் புகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது முதலில் குழந்தையின் தலையைச் சுற்றிக்கொண்டு தயங்கியது. பிறகு யாரோ நூல் பிடித்து இழுப்பது போல நேராக எழுந்து, முகட்டின் இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்து, வெளியே போனது. யாரும் ஊதவில்லை, விசிறவில்லை. கீழே தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வர, சூடான காற்று மேலே போய்க்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆறு எங்கள் வீட்டுக்குள் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது. கையை உயர்த்தினால் அதன் ஓட்டம் விரலில் பட்டது.

"ஊடு மூச்சு உடுதுடா" என்றார் மாமா.

வீடு முன்பைவிடக் குளிர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கம்பளிகள் கூடின. குழந்தைக்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டு எங்களுக்கு நடுவில் படுக்க வைத்தோம். எல்லாக் குழந்தைகளையும் போல அவளுக்கும் சளி பிடித்தது, விட்டது. ஆனால் கூரை சொட்டவில்லை. சுவரின் கறுப்பு காய்ந்து உதிர்ந்தது, சுண்ணாம்பு அடித்தோம். தீக்குச்சி ஒரே உரசலில் பற்றியது. வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் இருந்த கூலியாட்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் மாமா ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். தள்ளியிருந்த வாழவந்தி ஊர் வரைக்கும்கூட ஒருமுறை போய் வந்தார். கண் மங்கல்தான், கூரைமேல் மட்டும் அவருக்கு எல்லாம் தெரிந்தது.

தொண்ணூறுகளில் என் கணவருக்குச் சேலத்தில் வேலை கிடைத்து இறங்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். மாமா அதற்கு முன்பே, ஒரு நல்ல வெயில் நாளில், நோய் நொடி இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த நாள் ஒன்று உண்டு. என் மகள் ஓடியாடிப் பேசத் தொடங்கிய வயது. ஆடி மாதக் காலை. மாமா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. தினமும் வருவதுதான், ஜன்னலைத் தாண்டிப் போய்விடும். அன்று என்னவோ அது எங்கள் மூங்கில் தட்டி வழியாக உள்ளேயே நுழைந்துவிட்டது. முதலில் சுவரோரம் பால் வழிவது போல இறங்கியது. பிறகு அறை முழுக்க வெள்ளை. மாமா தெரியவில்லை. அடுப்பின் சிவப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மகளைக் காணோம் என்று நான் கைகளை நீட்டித் துழாவ, எங்கேயோ முழங்கால் உயரத்தில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மேகம் எங்கள் பாத்திரங்களையும், கொடியில் கிடந்த துணிகளையும், சாமி படங்களையும் தடவிக்கொண்டு சற்று நேரம் நின்றது. பிறகு மெல்ல எழும்பத் தொடங்கியது. முதலில் தரை தெரிந்தது, பிறகு மகளின் கால்கள், மாமாவின் வேட்டி, அவர் கையில் அசையாமல் நின்ற டம்ளர், கடைசியாக அவர் முகம். அவர் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வாசலுக்கு ஓடினோம். முகட்டிலிருந்து வெள்ளையாக அது வெளியே வந்து, சில்வர் ஓக் கிளைகளுக்கு நடுவே நெளிந்து, மேலே போய்க்கொண்டிருந்த மற்ற மேகத்தோடு கலந்தது.

"அப்பாரு, அது எங்க போவுது?" என்று தாத்தாவைக் கேட்டாள் மகள்.

"மேல அதுக்குச் சோலி இருக்குது கண்ணு" என்றார் மாமா. "நம்ம ஊட்டப் பாத்துட்டுப் போவுது."